பாகுப் பதம்

(தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பு, திருநெல்வேலியில் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)

என் முன்னால் மேசைமேல் ஒரு சில்வர் தட்டு இருக்கிறது. அதில் ஒரு விரற்கடை உயரத்துக்குப் பச்சைத் தண்ணீர். இன்றைய பேச்சுக்கு இதைத் தவிர வேறு எதையும் நான் எடுத்து வரவில்லை. முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியவள் நான். தெர்மாமீட்டர், பியூரெட், ரசாயனத் தராசு என்று எத்தனையோ கருவிகளைப் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பழக்கியிருக்கிறேன். கொதிக்கிற சீனிக் கரைசலில் தண்ணீர் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கண்ணெதிரே காட்டுகிற கருவி நம் அடுக்களையில் இந்தத் தட்டுதான். அதை எனக்கு முதலில் காட்டியவர் என் ஆச்சி. ஆச்சிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கரிசல் காட்டில் கடலை பிடுங்கியவர். ஆனால் பாகு காய்ச்சும்போது ஆச்சி ஒரு சொட்டைத் தட்டில் விட்டு, ஒரு விரலால் அதைத் தள்ளிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, அடுப்ப அமத்து" என்று சொன்ன நொடி தப்பியதே இல்லை.

அந்த நொடியைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். பண்டிகைப் பலகாரங்களில் முறுக்கும் சேவும் பெரும்பாலும் மாவின் காரியம். இனிப்பு அப்படியல்ல. மைசூர்பாகு, அதிரசம், பொரியுருண்டை, கடலைமிட்டாய், மனோகரம், ரவா லட்டு என்று எதை எடுத்தாலும் அதன் உயிர் பாகில் இருக்கிறது. பாகு தவறினால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. பாகு தெரிந்தவருக்குப் புதுப் பலகாரம் எதுவும் பயம் தராது.

சீனியையும் தண்ணீரையும் அடுப்பில் வைக்கிறோம். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று ஆறாம் வகுப்பிலேயே படித்திருக்கிறோம். சீனி கலந்த தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும். சீனி அப்படியே இருக்கும். ஆகவே கொதிக்கக் கொதிக்கக் கரைசல் கெட்டிப்பட்டுக்கொண்டே போகிறது, சூடும் ஏறிக்கொண்டே போகிறது. கடல்மட்டத்தில் இன்ன சூட்டில் இன்ன கெட்டி என்பது மாறாத கணக்கு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தொட்டுப் பிரித்தால் ஒரு இழை வருகிறதே, நாம் ஒற்றைக் கம்பிப் பதம் என்கிறோமே, அது ஏறத்தாழ 106 டிகிரி. அப்போது பாகில் நூற்றுக்கு 80 பங்கு சீனி. தட்டுத் தண்ணீரில் விட்டு விரலால் கூட்டினால் தக்காளிப் பழம்போல் மெத்தென்று உருளுகிற பதம் 112 முதல் 116 வரை. அங்கே சீனி 85 பங்கு. கெட்டியாக உருண்டு நிற்கிற உருட்டுப் பதம் 121க்கு மேல். உருண்டையைத் தட்டின் ஓரத்தில் எறிந்தால் டங்கென்று கல்லாகச் சத்தம் கேட்கிற கடும்பாகு 146 முதல் 154 வரை. அங்கே தண்ணீர் நூற்றுக்கு ஒரு பங்குதான்.

இந்த எண்களை நான் சொல்வது நீங்கள் மனப்பாடம் பண்ணுவதற்காக அல்ல. ஆச்சிமார்கள் வைத்த பெயர்கள் எவ்வளவு கறாரானவை என்று காட்டுவதற்காக. கம்பி, தக்காளி, டங் என்ற மூன்று சொற்களும் மூன்று அளவீடுகள். மேல்நாட்டில் கிறிஸ்துமஸுக்கு மிட்டாய் காய்ச்சுகிறவர்களும் தெர்மாமீட்டர் வருவதற்கு முன் இப்படித்தான் நூல், முத்து, இறகு என்று பதத்துக்குப் பெயர் வைத்திருந்தார்கள். குளிர்ந்த தண்ணீரில் விரலை நனைத்து, கொதிக்கும் பாகைத் தொட்டு, மறுபடி தண்ணீருக்குள் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். சீனி எந்தத் தேசத்திலும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறது. அதைக் கவனித்தவர்களின் விரல்களும் ஒரே மாதிரிதான் பழகியிருக்கின்றன.

பாகு வைக்கிற எல்லாருக்கும் ஒரு அனுபவம் உண்டு. ரொம்ப நேரம் ஒன்றுமே நடக்காததுபோல் கொதித்துக்கொண்டிருக்கும். சரி, நேரமாகும் என்று ஏலக்காய் தட்டத் திரும்புவோம். திரும்பிப் பார்ப்பதற்குள் முற்றிப்போயிருக்கும். "கண்ணு மூடித் திறக்கங்குள்ள முறுகிட்டு" என்று நம் ஊரில் புலம்புவார்கள். இதற்கு நம் கவனக்குறைவு மட்டும் காரணமல்ல, ஒரு கணக்கும் இருக்கிறது. ஒரு கிலோ சீனிக்கு அரை லிட்டர் தண்ணீர் வைக்கிறோம் என்று கொள்வோம். ஒற்றைக் கம்பிக்கு வரும்போது பாத்திரத்தில் கால் லிட்டர் தண்ணீர் மிச்சம். அதாவது கால் லிட்டர் ஆவியாக வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கிறது. கம்பியிலிருந்து தக்காளிப் பதத்துக்குப் போக ஆவியாக வேண்டியது சுமார் 75 மில்லிதான், காபி தம்ளரில் பாதிகூட இல்லை. அதன் பிறகு ஒவ்வொரு பதத்துக்கும் நடுவில் இருப்பது இன்னும் கொஞ்சத் தண்ணீர்தான். அடுப்புத் தீ அதேதான். போக வேண்டிய தண்ணீர் குறைந்துவிட்டது. அதனால் ஒரு பதத்திலிருந்து அடுத்த பதத்துக்குப் பாகு வேகமாகத் தாவுகிறது. ஆகவே கம்பி வந்ததும் தீயைக் குறையுங்கள். ஏலக்காய், முந்திரி, நெய் தடவிய தட்டு எல்லாம் அடுப்புப் பற்றவைக்கும் முன்பே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பதம் பார்க்கிற அந்தச் சில நொடியும் பாகு கொதித்துக்கொண்டேதான் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். ஆச்சி முதலில் சட்டியை இறக்கிவிட்டுத்தான் தட்டில் சொட்டு விடுவார். பதம் வராவிட்டால் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். முற்றியதை இறக்கவே முடியாது.

கருவியைவிட விரல் எங்கே உயர்ந்தது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். புத்தகத்தில் 114 டிகிரி என்று படித்துவிட்டு ஊட்டியில் தெர்மாமீட்டரைப் பார்த்துப் பாகு காய்ச்சினால் அதிரசம் கல்லாகிவிடும். அங்கே ஏழு டிகிரி கழித்துக்கொள்ள வேண்டும். தட்டும் தண்ணீரும் வைத்துப் பார்க்கிற ஆச்சிக்கு அந்தக் கழித்தல் தேவையில்லை. அவர் பார்ப்பது சூட்டை அல்ல, கெட்டியை. அது ஊட்டியிலும் தக்காளிதான், திருச்செந்தூர்க் கடற்கரையிலும் தக்காளிதான்.

இனி அதிரசத்துக்கு வருகிறேன். என் மனசுக்கு நெருக்கமான பலகாரம் அது. பாகும் அரிசியும் சேருகிற இடத்தில் மனிதர் செய்யக்கூடிய மிக நுட்பமான காரியம் அது என்றே நான் நினைக்கிறேன். திருமலைக் கோயில் கல்வெட்டுகளில் விஜயநகரக் காலத்து நிவந்தங்களைப் படித்தால், பெருமாளுக்கு அமுது செய்விக்க வேண்டியவற்றில் அப்பப்படி, அதிரசப்படி, மனோகரப்படி என்று வரிசையாக வரும். ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய கல்லில் இருக்கிற பெயர், இந்தத் தீபாவளிக்கும் நம் வீட்டு எவர்சில்வர் தூக்கில் இருக்கப்போகிறது.

கல்யாணமாகி வந்த முதல் வருஷம் அதிரசம் சுடுகிற பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். வேதியியல் படித்தவள், பாகு தெரிந்தவள் என்ற துணிச்சல். பதம் பிசகாமல் எடுத்தேன். மாவைக் கடையில் வாங்கியிருந்தேன், நல்ல காய்ந்த பச்சரிசி மாவு. முதல் அதிரசத்தை எண்ணெயில் போட்டதும் விளிம்பு பிரிந்து, பொருபொருவென்று உதிர்ந்து, வாணலி முழுக்கப் பரவிவிட்டது. இரண்டாவதும் அப்படியே. பாகுதான் தவறியது என்று நான் அழுதுகொண்டிருந்தேன். என் மாமியார் ஒரு பிடி மாவைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது காஞ்ச மாவு. பாகு மேல பழி போடாத." அன்று இரவே அரிசியை ஊறப்போட்டு, மறுநாள் என்னைப் பக்கத்தில் நிற்கவைத்து முதலிலிருந்து செய்து காட்டினார். அத்தை காட்டியதை அப்படியே சொல்கிறேன்.

ஒரு கிலோ பச்சரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம். அரிசி இரண்டு மூன்று மணி நேரம் ஊறட்டும். வடித்து, வெள்ளைத் துணியில் நிழலில் பரப்புங்கள். முழுக்கக் காயவிடக் கூடாது. கையில் அள்ளி இறுக்கினால் உள்ளங்கையில் ஈரம் ஒட்ட வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. அந்த ஈரத்தோடு இடித்து அல்லது மில்லில் கொடுத்து அரைத்துச் சலியுங்கள். மாவைப் பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி பிடி நிற்க வேண்டும். ஏன் ஈரம்? காய்ந்த மாவு பாகில் இருக்கிற தண்ணீரைத் தானே குடித்துவிடும். ஒன்று கடினமாகும், இல்லையென்றால் ஒட்டாமல் பிரியும். ஈர மாவில் ஒவ்வொரு துகளும் ஏற்கனவே தண்ணீர் குடித்து ஊதியிருக்கிறது. கொதிக்கிற பாகு மேலே விழும்போது அது பாதி வெந்து, பாகோடு ஒன்றாகப் பிணைந்துகொள்கிறது.

வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள். மண்ணும் சக்கையும் போகட்டும். கடையில் 'பாகு வெல்லம்' என்று கேட்டு வாங்குங்கள். பளிச்சென்று மஞ்சளாக இருக்கிற வெல்லத்தைப் பார்த்து மயங்காதீர்கள். அந்த நிறத்துக்காக ஆலையில் ரசாயனம் போடுவது உண்டு. கறுத்த வெல்லம்தான் நல்லது. பாகு தக்காளிப் பதம் வந்ததும் இறக்கி, ஏலக்காய், சுக்கு, எள் தூவி, மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கிண்டுங்கள். சப்பாத்தி மாவைவிடத் தளர்வாகவே இருக்கட்டும். ஆறினால் இறுகும். மேலே ஒரு கரண்டி நெய் விட்டு, துணி கட்டி, குறைந்தது ஒரு நாள் அப்படியே வையுங்கள். இந்த ஒரு நாளைப் பலர் இன்று விட்டுவிடுகிறார்கள். அவசரத்தில் செய்கிற பெரிய பிழை அது. அந்த நேரத்தில்தான் பாகின் ஈரம் மாவு முழுக்க ஒரே சீராகப் பரவுகிறது. மூன்று நாள் வைத்தால் இன்னும் நல்லது. பிறகு வாழையிலையில் தட்டி, மிதமான சூட்டில் சுட்டு, இரண்டு தட்டைக் கரண்டிக்கு நடுவில் வைத்து எண்ணெயை ஒட்டப் பிழியுங்கள். மாவு ஈரமாக இருந்தும் எண்ணெயில் பிரிந்தால் பாகு இளசு என்று அர்த்தம், கொஞ்சம் மாவு சேருங்கள். கல்லாக வந்தால் பாகு முற்றல், இரண்டு கரண்டி காய்ச்சிய பாலைத் தெளித்துப் பிசையுங்கள்.

அதிரசம் பத்து நாள் ஆனாலும் மெத்தென்று இருப்பதற்கு வெல்லமே காரணம். வெள்ளைச் சீனி கிட்டத்தட்டச் சுத்தமான சுக்ரோஸ். சூடு ஆறும்போது அதன் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு படிகமாக வரிசை கட்டப் பார்க்கும். பாகு பூத்துவிட்டது என்கிறோமே, அது இதுதான். வெல்லத்தில் சுக்ரோஸோடு குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கொஞ்சம் கலந்திருக்கின்றன. அவை நடுவில் புகுந்து அந்த வரிசையைக் கலைத்துவிடுகின்றன. சீனிப் பாகில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விடச் சொல்வது இதே காரணத்துக்காகத்தான். புளிப்பு, சுக்ரோஸில் கொஞ்சத்தைக் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைத்துவிடும். குலாப்ஜாமூன் ஜீரா பூக்காமல் இருக்க வேண்டும், அங்கே எலுமிச்சை வேண்டும். பாதுஷாவுக்கு மேலே வெள்ளையாகப் பூத்தால்தான் அழகு, அங்கே வேண்டாம். பாகில் ஒரு கரண்டி பால் விடுவார்கள். பாலின் புரதம் திரிந்து அழுக்கைச் சேர்த்து நுரையாக மேலே கொண்டுவரும், அகப்பையால் வழித்தெடுக்கலாம். சீனி கரைந்து கொதி வந்த பிறகு சும்மா கிளறிக்கொண்டே இருக்கக் கூடாது என்பதும், பாத்திர விளிம்பில் ஒட்டிய சீனியை ஈரத் துணியால் துடைத்துவிட வேண்டும் என்பதும் பூத்துப்போகாமல் காக்கத்தான். ஒரே ஒரு படிகம் உள்ளே விழுந்தால் போதும், பாத்திரம் முழுவதும் அதைப் பார்த்து வரிசை கட்டிவிடும்.

இதுவரை சீனி என்றே சொல்லி வருகிறேன், சர்க்கரை என்று சொல்லவில்லை. காரணம் இருக்கிறது. நம் பக்கம் வெள்ளையாக இருப்பது சீனி. சீன தேசத்தோடு சேர்த்து வைத்த பெயர். சர்க்கரை என்ற சொல்லுக்கு வடமொழியில் பரல், சிறு கல் என்று பொருள். அதுதான் மேற்கே போய் 'சுகர்' ஆனது. சர்க்கரைப் பொங்கலில் நாம் போடுவது வெல்லம், பெயர் மட்டும் சர்க்கரை. பழைய சொல் வழக்கு அதில் தங்கியிருக்கிறது. வெள்ளைச் சீனியை அஸ்கா என்று சொன்ன பெரியவர்களை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். அஸ்கா என்பது கஞ்சம் மாவட்டத்தில் உள்ள ஊர், 1936 வரை சென்னை மாகாணத்தில் இருந்தது. அங்கே இருந்த ஆலையின் சீனி ஊர்ப் பெயராலேயே வீட்டுக்குள் வந்துவிட்டது. கற்கண்டில் வருகிற 'கண்டு', வடமொழி 'கண்ட', பாரசீகத்து 'கந்த்', ஆங்கிலத்துக் 'கேண்டி' எல்லாம் ஒரே குடும்பம். கரும்பு இந்த மண்ணுக்கு வந்த கதையைப் புறநானூற்று 99ஆம் பாட்டில் ஔவையார் அதியமானின் முன்னோர்மேல் ஏற்றிச் சொல்கிறார். பெரும்பாணாற்றுப்படையில் பாகு சேர்த்துப் பலகாரம் பண்ணுகிற கூவியர் வருகிறார்கள். பாகு என்ற சொல்லுக்கு அங்கேயும் இதே பொருள்தான்.

மைசூர்பாகு மைசூர் அரண்மனை அடுக்களையில் பிறந்தது என்பார்கள். அதற்கு ஒற்றைக் கம்பிப் பாகு போதும். கடலைமாவை அதில் தூவிக் கிளறிக்கொண்டு, பக்கத்து அடுப்பில் புகையப் புகையக் காய்ந்த நெய்யைக் கரண்டி கரண்டியாக விட வேண்டும். ஒவ்வொரு கரண்டிக்கும் 'சொர்' என்று பொங்குகிறதே, அது கொதிநெய் பட்டுப் பாகில் மிச்சமிருக்கிற தண்ணீர் ஆவியாகிற சத்தம். அந்த ஆவி வெளியேறின வழிதான் மைசூர்பாகில் நாம் பார்க்கிற துளைகள். நெய் ஆறியிருந்தால் துளை வராது, மெழுகுமாதிரி ஒரு கட்டிதான் வரும். தட்டில் கொட்டிய பிறகு நடுப்பகுதி சிவந்து, மேலும் கீழும் வெளுத்திருப்பதற்கும் காரணம் இருக்கிறது. நடுவில் சூடு வெளியேற வழியில்லாமல் இன்னும் சிறிது நேரம் வெந்துகொண்டே இருக்கிறது. அந்த நடுச்சிவப்பு வந்தால் நெய் நல்ல சூட்டில் இருந்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது நம் எல்லாருக்கும் பெருமை. வீட்டில் அதைச் செய்கிறவர்கள் தோற்பது ஒரே இடத்தில்தான். பயந்துபோய்ப் பாகைச் சீக்கிரம் இறக்கிவிடுவார்கள். அப்புறம் பல்லில் ஒட்டுகிறது என்பார்கள். டங்கென்ற சத்தம் கேட்கிற வரைக்கும் பொறுக்க வேண்டும். வறுத்துத் தோல் நீக்கிய கடலை பக்கத்தில் சூடாகவே இருக்கட்டும், குளிர்ந்த கடலையைக் கொட்டினால் பாகு பட்டென்று இறுகிவிடும். கார்த்திகைப் பொரியுருண்டையும் இதே ஜாதி, கைபொறுக்கிற சூட்டில் பிடித்துவிட வேண்டும்.

நம் பலகாரப் பண்டிகைகள் சில மழைக்காலத்தில் வருகின்றன. ஐப்பசி அடைமழையில் தீபாவளி, அடுத்து கார்த்திகை. கடும்பாகில் செய்த பண்டம் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், வெல்லப்பாகு இன்னும் அதிகமாக இழுக்கும். காலையில் கலகலவென்று இருந்த கடலைமிட்டாய் மாலையில் கசிகிறது என்றால் செய்தவர் மேல் தப்பில்லை, வானத்தின் மேல்தான். மழை நாளில் வழக்கத்தைவிட ஒரு துளி கூடுதலாகக் காய்ச்சி எடுங்கள். முழுக்க ஆறினதும், ஆறின உடனேயே, இறுக்கமாக மூடுகிற டப்பாவில் போட்டுவிடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளேயே வேர்த்துவிடும்.

தீபாவளியை மட்டும் பேசினால் இந்த மாவட்டங்களின் அடுக்களையைப் பாதிதான் பேசினதாகும். நாகர்கோவில் பக்கம் கிறிஸ்துமஸ் வந்தால் வீட்டுக்கு வீடு முந்திரிக்கொத்து. வறுத்த பாசிப்பயறு மாவும் தேங்காயும் எள்ளும் வெல்லப்பாகில் உருண்டு, அரிசிமாவுக் கரைசலில் தோய்ந்து எண்ணெயில் குதிக்கும். பாகு சரியாக இருந்தால் இரண்டு வாரம் தாங்கும். கீழக்கரையில் நோன்புப் பெருநாளுக்குத் தொதல் கிண்டுவார்கள். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் அரிசிமாவும் சேர்த்து மணிக்கணக்காகக் கைமாற்றிக் கைமாற்றிக் கிண்டுகிற பண்டம். தேங்காய்ப்பால் திரண்டு எண்ணெய் கக்கி, கரண்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும் வரைக்கும் விடக் கூடாது. இதே பண்டம், கிட்டத்தட்ட இதே பெயரில், இலங்கையிலும் மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் இருக்கிறது. கப்பலேறிப் போய்வந்தவர்களின் நாக்கில் வந்த உறவு அது. கருப்பட்டி என்றதும் உடன்குடியைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அதற்கும் 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பனையேறிகள் உயிரைப் பணயம் வைத்து இறக்கிய பதநீரை மணிக்கணக்காகக் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி எடுத்தது. பாகு காய்ச்சுகிறவர்களில் அவர்கள்தான் முதல்வர்கள். சீனி கலக்காத கருப்பட்டிக்கு அவர்கள் கேட்கிற விலையைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு எச்சரிக்கை. வெந்நீர் பட்டால் வழிந்து ஓடிவிடும். பாகு ஓடாது. தோலில் ஒட்டிக்கொண்டு சூட்டை முழுதும் இறக்கிவிட்டுத்தான் விடும். பாகு அடுப்பில் இருக்கும்போது சின்னப் பிள்ளைகள் அடுக்களையில் நிற்கக் கூடாது. சேலைத் தலைப்பைச் செருகிக்கொள்ளுங்கள். கையில் தெறித்தால் குழாயைத் திறந்து ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டுங்கள். நெய், பற்பசை, மை எதையும் தடவ வேண்டாம். கொப்புளம் பெரிதாக இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கடையில் வாங்குகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் பலகாரச் சீட்டுக் கட்டி டப்பா வாங்குவது தப்பே அல்ல. என் கவலை வேறு. ரேஷனில் பண்டிகைக்குக் கூடுதலாகக் கொடுத்த சீனியைப் பொட்டணம் கட்டிப் பாதுகாத்து, தீபாவளிக்கு முந்தின ராத்திரி மட்டும் வெளியே எடுத்த தலைமுறை ஆச்சிமார்களுடையது. ஒரு கரண்டி பாகு வீணானாலும் தாங்காது, அதனால்தான் அவர்கள் பதத்தை அவ்வளவு கவனமாகக் கற்றார்கள். அந்தத் தலைமுறை நம் கண்முன்னே போய்க்கொண்டிருக்கிறது. 'சமைத்துப் பார்' 1951இல் அச்சாகி வந்ததிலிருந்து எத்தனையோ சமையல் புத்தகங்கள் வந்துவிட்டன. எல்லாவற்றிலும் 'பதம் வந்ததும் இறக்கவும்' என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிக்குள் இருப்பதை எந்தப் புத்தகமும் முழுதாகச் சொல்லிவிட முடியாது. வேதியியல் ஆசிரியை நானே சொல்கிறேன், எண்ணை எழுதிவிடலாம், விரலுக்கு அது எப்படித் தெரியும் என்பதை எழுத முடியாது. பக்கத்தில் நின்று, அவர் தொடும்போது நாமும் தொட்டுப் பார்த்தால்தான் வரும். என் ஆச்சி செய்த பொரிவிளங்காய் உருண்டைக்குப் பாகு எந்தப் பதம் என்று நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. நாற்பது வருஷமாகச் செய்து பார்க்கிறேன். அந்த ருசி இன்னும் வரவில்லை. இந்தக் குறை உங்களுக்கு வர வேண்டாம்.

பின்வரிசையில் நிற்கும் கல்லூரித் தம்பிமார்களுக்கும் இதில் பங்கு உண்டு. பொம்பிளைப் பிள்ளைகள் காரியம் என்று ஒதுங்க வேண்டாம். கல்யாண வீட்டில் ஆயிரம் பேருக்குப் பாகு எடுக்கிற தவசுப்பிள்ளைகள் ஆண்கள்தானே. அல்வாக் கடை உருளியில் துடுப்புப் பிடிக்கிறவரும் ஆண்பிள்ளைதான். வீட்டு அடுப்பு மட்டும் என்ன பாவம் செய்தது?

உங்கள் வீட்டில் ஆச்சி இருக்கிறாரா, அத்தை இருக்கிறாரா, பக்கத்துத் தெருவில் பெரியம்மா இருக்கிறாரா, இந்த ஞாயிற்றுக்கிழமை அவரிடம் போங்கள். கால் கிலோ வெல்லமும் ஒரு தட்டும் எடுத்துப் போங்கள். பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம், பாகு மட்டும் காய்ச்சச் சொல்லுங்கள். ஒவ்வொரு பதத்திலும் நிறுத்தி அவர் விரலைப் பாருங்கள், உங்கள் விரலாலும் தொட்டுப் பாருங்கள், அவர் சொல்கிற சொல்லை அப்படியே ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அரிசி ஊறப்போட்டு, பாகு எடுத்து, மாவு மூன்று நாள் காத்திருந்து, அதிரசம் சுட அது தாராளமாகப் போதும்.